எழுபது புள்ளியில் ஒரு புலி

ஏழு வரிசையைச் சரிபாதியாகப் பங்கு போட முடியாது. தி.மு.க. கொடியை 10×7 அளவில் ஒருமுறையாவது வரைந்து பார்த்தவர்களுக்கு இது கணக்கு அல்ல, தலைவலி. 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்ற கணினி ஆட்டம் ஒவ்வொரு கொடியையும் 82×52, 41×26, 10×7 புள்ளி என்று மூன்று அளவில் கேட்கும். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, வேறொன்றும் இல்லை. இதைவிடச் சுலபமான கொடி உண்டா என்று தோன்றும். 82×52-இல் 26 வரிசை கறுப்புக்கு, 26 சிவப்புக்கு. 41×26-இல் 13, 13. அதுவரை சுகமாகப் போகும். சின்னக் கொடிக்கு வந்ததும் மூன்று கறுப்பு, மூன்று சிவப்பு போக ஒரு வரிசை நடுவில் அநாதையாக நிற்கும். அதை யாருக்குக் கொடுத்தாலும் அநியாயம். இரண்டையும் கலந்து கருஞ்சிவப்பாக அடித்துவிடலாம் என்பது ஒரு கட்சி. கறுப்பு கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும், சிவப்பு பரந்து தெரியும், அதனால் நாலாவது வரிசை கறுப்புக்கே என்பது இன்னொரு கட்சி. இதை எழுதுபவர் இரண்டாவது கட்சி. காரணம் கேட்டால் கண்ணைத்தான் சாட்சிக்கு அழைப்பார்.

பென்னலூர் மாதிரி ஊரில் இந்தப் பைத்தியம் பிடிப்பதற்கு நியாயம் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவனுக்கு வேறு வேடிக்கை குறைவு. எதிர்ச்சாரியில் ஓயாத கண்டெய்னர் லாரி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலை வாசல்களில் தேசியக் கொடி, பக்கத்தில் கம்பெனிக் கொடி, இடத்துக்கு இடம் ஜப்பான் கொடியோ கொரியக் கொடியோ. டீக்கடை முனைகளில் கட்சிக் கொடிகள். எல்லாவற்றையும் அவன் தூரத்திலிருந்து, பஸ் ஜன்னல் தூசு வழியாக, மூன்று விநாடிக்குள் பார்த்துவிடுகிறான். அந்த மூன்று விநாடியில் அவன் கண்ணில் விழுவது 82×52 அல்ல, 10×7 தான்.

இந்தச் சோதனையில் தேறுகிற கொடிகள் சில, தோற்கிற கொடிகள் பல. அ.தி.மு.க. கொடியின் நடுவே விரல் நீட்டி நிற்கும் அண்ணா, பெரிய கொடியில் அண்ணாதான். நடுக்கொடியில் யாரோ ஒருவர். சின்னக் கொடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. முதலில் போவது அந்த விரல். 2024 ஆகஸ்டில் அறிமுகமான த.வெ.க. கொடியில் மேலும் கீழும் சிவப்பு, நடுவில் மஞ்சள், இரண்டு யானை, வாகைப்பூ. ஏழு வரிசையில் அது 2-3-2 ஆகிறது. யானைகளுக்கு இடமில்லை, பூவுக்கும் இல்லை. மிஞ்சுவது ஸ்பெயின். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' ஆடுகிறவர்களுக்கு 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் பட்டியலில் எட்டிப்பார்க்கும் அதே சிவப்பு-மஞ்சள்-சிவப்பு. கொடி வரைந்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் மாநாட்டு மைதானத்துக்கு வரைந்தார்கள், எழுபது புள்ளிக்கு அல்ல.

பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நடைபாதையில் நடக்கிறவர்களுக்கு அது நல்ல செய்தி. கொடிப் பைத்தியங்களுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தை மூடிய மாதிரி.

மூவர்ணத்துக்கு வருவோம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி, கச்சிதமான மூன்றுக்கு இரண்டு. ஆட்டத்தின் சட்டம் அந்த விகிதத்தை மதிப்பதில்லை. 52 வரிசை உயரத்துக்கு 78 அகலம் போதும். 82 கொடுக்கிறார்கள், பக்கத்துக்கு இரண்டு வரிசை வீக்கம். சின்னக் கொடியிலோ நேர்மாறு: 7 உயரத்துக்கு பத்தரை வேண்டும், கிடைப்பது பத்து. ஒரே துணி, ஒரு இடத்தில் உப்புகிறது, இன்னொரு இடத்தில் சுருங்குகிறது. ஆகவே பெரிய கொடியைச் சுருக்கிச் சின்னதை எடுக்கிற சோம்பேறித்தனம் உடனே மாட்டிக்கொள்ளும். சக்கரம் முட்டையாகிவிடும்.

பட்டைகளின் பங்கீட்டைப் பாருங்கள். 52-இல் 17-18-17, வெள்ளைக்கு ஒரு வரிசை கூடுதல். 26-இல் 9-8-9, வெள்ளைக்கு ஒன்று குறைவு. 7-இல் 2-3-2, மறுபடி கூடுதல். சக்கரத்தின் கதை இன்னும் கஷ்டம். பெரிய கொடியில் அகலமும் உயரமும் இரட்டைப்படை. 16 புள்ளி விட்டத்தில் ஒழுங்கான வட்டம் நடுவில் உட்காரும். நடுக்கொடியில் அகலம் ஒற்றைப்படை, உயரம் இரட்டைப்படை. சின்னதில் அதுவும் தலைகீழ். பத்து நெடுக்கு வரிசைக்கு நடுவரிசை என்று ஒன்று கிடையாது. ஐந்தாவதில் வைத்தால் சக்கரம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது என்பார்கள். ஐந்திலும் ஆறிலுமாக வைத்தால் கழித்தல் குறி. பெரும்பாலோர் கழித்தல் குறியோடு சமாதானமாகிவிடுகிறார்கள். இரண்டு புள்ளியையும் அடர்நீலம் ஆக்காமல் ஒரு பங்கு வெள்ளை கலந்துவிட்டால் கண் அதை வட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. இருபத்துநான்கு ஆரக்கால்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 16 புள்ளி வட்டத்திலேயே அவை அடங்காது. பெரிய கொடியில் ஒரு வளையமும் உள்ளே வெளிர்நீலப் புகையுமாக விட்டுவிடுவதே மரியாதை. எட்டுக் கோடு போட்டு வண்டிச்சக்கரம் ஆக்குகிறவர்களோடு இதை எழுதுபவருக்கு உடன்பாடில்லை.

இவ்வளவும் முன்னுரை. இந்தக் கலையில் பேசத் தகுந்த விஷயம் ஒன்றுதான்: சோழப் புலி.

இப்போது எங்கே பார்த்தாலும் பாயும் புலி. சிவப்புத் துணி, மஞ்சள் புலி, வாய் பிளந்து, நாலு காலும் காற்றில். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்து, ராஜேந்திரனை நாயகனாக வைத்து ஒரு போர்த்தொடரும் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தது. 2025-இல் 'சிவிலைசேஷன் 7' சோழரைத் தனி நாகரிகமாகவே சேர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் புலிகள் குட்டி போட்டன. சட்டையில், பைக் டேங்கில், சினாரியோவில். எல்லாம் பாய்கின்றன. பெரிய கொடியில் பார்த்தால் ஆவேசமாகத்தான் இருக்கிறது. 10×7-இல் அதே புலி படுக்கையாக ஒரு மஞ்சள் பட்டை, கீழே நாலு குச்சி. நாய் என்றாலும் நம்பலாம், குதிரை என்றாலும் நம்பலாம்.

சோழன் காசில் புலி பாயவில்லை, உட்கார்ந்திருக்கிறது. உத்தம சோழன் காசில் அமர்ந்த புலி, எதிரே பாண்டியன் மீன். ராஜராஜன் காசிலும், கங்கைகொண்ட சோழன் என்று எழுத்துப் பொறித்த ராஜேந்திரன் காசிலும் அமர்ந்த புலியோடு மீனும் வில்லும். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டின் முத்திரையிலும் அப்படியே: குடைக்குக் கீழே புலி உட்கார்ந்திருக்கிறது, இரட்டை மீன் அதன் பக்கத்தில், வில் கீழே. வென்றவன் அமர்ந்திருக்கிறான், தோற்றவர்களின் சின்னங்கள் சுற்றி நிற்கின்றன. அரசியல் அர்த்தம் அது. ஆனால் அந்த அச்சு வெட்டியவரின் கெட்டிக்காரத்தனம் அரசியலில் இல்லை, உருவத்தில் இருக்கிறது.

நகம் அகலக் காசு. அதற்குள் புலி, மீன், வில், சுற்றிலும் எழுத்து. ஒரு பொருளுக்குக் கிடைக்கும் இடம் அரிசி அளவு. இந்த நெருக்கடியில் அவர் புலியை உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் அது முக்கோணம் ஆகிவிட்டது. உச்சியில் தலை, ஒரு பக்கம் நேராக ஊன்றிய முன்னங்கால், மறுபக்கம் சரிந்து இறங்கும் முதுகு, பின்னால் மேல் நோக்கி எழும் வால். கோடு கோடாக வரி போட வேண்டியதே இல்லை. அந்த நிழலுருவமே புலி. தென்னாட்டு அரசர்களின் சின்னங்களில் பல்லவன் காளை, சாளுக்கியன் பன்றி எல்லாம் கிடைமட்ட மிருகங்கள். இதுவோ நிமிர்ந்து உட்கார்ந்த மிருகம். மங்கிய வெளிச்சத்தில், தேய்ந்த காசில், விரலால் தடவினால்கூட வேறுபாடு தெரிய வேண்டும் என்று அவர் யோசித்தாரா, தெரியாது. கை யோசித்திருக்கிறது.

அதைப் பத்துக்கு ஏழில் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஒரு வரிசை வெறும் சிவப்பு. இரண்டாம் வரிசையில் தலைக்கு இரண்டு புள்ளி. மூன்றில் தலையும் கழுத்துமாக மூன்று, இடக்கோடியில் வாலின் நுனி ஒன்று. நாலில் உடம்பு ஒரு புள்ளி இடம் தள்ளி மூன்று, வால் ஒன்று. ஐந்தில் உடம்பு நான்கு, வால் ஒன்று. ஆறில் தொடையும் வாலடியும் சேர்ந்து ஐந்து, ஒரு புள்ளி இடைவெளி விட்டு முன்னங்காலுக்கு ஒன்று. மொத்தம் 21 மஞ்சள் புள்ளி. அந்த ஒரு புள்ளி இடைவெளிதான் உயிர். முன்னங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே தெரியும் அந்தச் சிவப்புப் புள்ளியை அடைத்துவிட்டால் புலி மூட்டை ஆகிவிடும். இதை எழுதுபவர் அந்த ஒரு புள்ளிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்திருக்கிறார், வருத்தமில்லை.

அமர்ந்த புலி பூனை மாதிரி இருக்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மைதான், 82×52-இல் கவனிக்காமல் வரைந்தால் பூனை. கழுத்தைக் கொஞ்சம் தடியாக்கி, காதைச் சின்னதாக்கி, வாலைச் சுருட்டாமல் தூக்கிவிட்டால் பூனை போய்விடும். வரிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். நடுக்கொடிக்கு இரண்டு. சின்னதற்கு ஒன்றுமே வேண்டாம். பாயும் புலிக்காரர்களின் இன்னொரு வாதம், கொடி என்றால் வீரம் தெரிய வேண்டும் என்பது. பாயும் புலியைத் துணியில் உண்மையாகவே பறக்கவிட்டவர்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்த ஆசாத் ஹிந்த் படைப்பிரிவின் மூவர்ணத்தில் பாயும் புலிதான். 1936 களத்தில் அந்தக் கொடியை வரைகிறவர்கள் தாராளமாகப் பாயவிடட்டும். 1025-இல் கடாரத்துக்குப் போன கப்பலில் எதற்கு? நிறத்தைப் பற்றியும் இவ்வளவு அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. காசுக்கும் செம்புக்கும் நிறம் கிடையாது. சிவப்பில் மஞ்சள் என்பது ஏழு வரிசையில் நன்றாக எடுக்கும், அதனால் வைத்துக்கொள்கிறோம். கல்வெட்டில் இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டாம்.

நடுக்கொடியின் 41-ஐ 26-ஆல் பெருக்கினால் 1066 வரும். 'க்ரூசேடர் கிங்ஸ்' ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆண்டில் களம் திறந்தால் சோழ நாட்டில் இருப்பவன் வீரராஜேந்திரன்; அவனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, கடைசியில் வருவான்.

புள்ளி எண்ணுகிற பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. அந்தச் சீருடைக்காரர்கள் நிறைந்த பஸ்களை நினைவு வைத்திருக்கிறவர்கள் இன்னும் உண்டு. அதற்கும் முன்பே நோக்கியா 3310 கையில் வந்துவிட்டது. அதன் திரை 84×48. நம் பெரிய கொடியை விட அகலத்தில் இரண்டு கூடுதல், உயரத்தில் நாலு குறைவு. பிக்சர் மெசேஜுக்கு 72×28, ஆபரேட்டர் லோகோவுக்கு 72×14, நிறம் என்றால் உண்டு அல்லது இல்லை. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, தலைவரின் முகத்தையும் காதலியின் பெயரின் முதல் எழுத்தையும் கறுப்படித்த ஒரு தலைமுறைக்கு, இந்தக் கொடிகளைச் சேமிக்கும் 'டிஜிஏ' படக்கோப்பு ஒரு பெரிய ஆச்சரியம் இல்லை. அதே காலத்தில் ரிச்சி தெருவில் வாங்கிய சிடியில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் சுற்றியது. அதன் சினாரியோ எடிட்டரில் கொடி ஏ, கொடி பி என்று சில இருக்கும். வரைய முடியாது, நட மட்டும் முடியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு கோட்டை முழுக்க அந்தக் கொடிகளை நட்டுவிட்டு, தஞ்சாவூர் என்று பெயர் வைத்துவிட்டுப் படுத்தவர்களுக்கு விடிந்ததும் பரீட்சை.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறார். கட்டத்துக்கு இத்தனை இழை, அதன்படி அட்டையில் துளை. அன்னத்தின் கழுத்து எத்தனை கட்டத்தில் வளைய வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கவனிக்க வேண்டியது ஒன்று. பெரிய பார்டருக்குப் போட்ட அன்னத்தைச் சின்ன பார்டருக்கு அப்படியே சுருக்க முடியாது. கொக்கிகளின் எண்ணிக்கை வேறு, ஆகவே அன்னமும் வேறு. புதிதாகத்தான் போட வேண்டும். கண் போகும், அலகு நீளும், கால் இரண்டும் ஒன்றாகும். மூன்று அளவுக் கொடியை மூன்று தனிப் படங்களாக வரைய வேண்டும் என்று சொன்னால் இங்கே சிரிக்கிறவர்கள், அந்தத் தறிக்கு முன்னால் சிரிக்க மாட்டார்கள்.

கோடு கொடுக்கும் சந்தோஷமும் உண்டு, மிருகம் இல்லாமலே. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் நடந்த சண்டை என்பதால் இங்கத்திய சினாரியோக்காரர்களுக்கு இதில் ஆசை அதிகம் இருந்தால் தப்பில்லை. பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடி சிவப்பும் வெள்ளையுமான கோடுகள், மூலையில் யூனியன் ஜாக். கோடுகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியது. 13 என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது பாருங்கள். 52-இல் கோட்டுக்கு நாலு வரிசை, மிச்சமில்லை. 26-இல் கோட்டுக்கு இரண்டு, மிச்சமில்லை. துணி எடுத்துத் தைத்த மாதிரி. ஏழில்தான் பதின்மூன்றை மறந்துவிட்டு ஏழே கோடாக, வரிசைக்கு ஒன்றாகப் போட வேண்டும். அதுவும் சிவப்பில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. கம்பெனியேகூடக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவு அழகாக வாய்த்த கொடியின் மூலையில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். யூனியன் ஜாக்கில் குறுக்கே ஓடும் மெல்லிய சிவப்புக் கோடுகள் அயர்லாந்தின் செயின்ட் பேட்ரிக் சிலுவை. அவை சேர்ந்தது 1801-இல். 1780-இல் பெய்லி தூக்கிப்பிடித்த கொடியில் நீலத்தின் மேல் வெறும் வெள்ளைக் குறுக்கும் நடுவில் சிவப்புச் சிலுவையும்தான். இன்றைய பிரிட்டன் கொடியை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. சொன்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறார்கள். பெரிய கொடியில் மூலைக்கு 40×25 அளவு இடம் இருக்கிறது. நன்றாகவே தெரியும். சொல்லப்போனால் அந்தச் சிவப்புக் கோடு இல்லாதது வரைகிறவனுக்கு லாபம், பாதி வேலை மிச்சம். சரியாகச் செய்வது சுலபமாகவும் இருக்கிற அபூர்வ இடத்தில்கூடத் தப்பாகச் செய்கிறார்கள்.

தப்பு செய்யாதவர் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'டிஜிஏ'வாகச் சேமிக்கும்போது மூலப்புள்ளி கீழ்-இடதா மேல்-இடதா என்று ஒரு சின்னக் கேள்வி வரும். அவசரத்தில் மாற்றி அழுத்தினால் கொடி தலைகீழ். இதை எழுதுபவரின் சோழக் கடற்படை ஒருமுறை முழுக்கத் தலைகீழாகக் கடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புலிகள் எல்லாம் தலையால் நின்றன. குடியரசு நாளில் எங்காவது ஒரு அலுவலகத்தில் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டுத் திருதிருவென்று விழிக்கிறவர்களைப் பார்த்து அவர் அதன்பிறகு சிரிப்பதில்லை.

பழைய 'விக்டோரியா 2' ஆட்டத்தின் காலத்தில் கொடி 93×64, ஒரு நாட்டுக்கு ஐந்து கொடி: பொதுவானது ஒன்று, முடியாட்சி, குடியரசு, கம்யூனிஸ்ட், பாசிஸ்ட் என்று ஆட்சிக்கு ஒன்று. கம்யூனிஸ்ட் திருவிதாங்கூருக்குக் கொடி வரைய உட்கார்ந்தால் சங்கை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அரைநாள் யோசனை ஓடும். இப்போது அந்தக் கேள்விகளே குறைந்துவிட்டன. 'க்ரூசேடர் கிங்ஸ் 3'-இலும் (2020) 'விக்டோரியா 3'-இலும் (2022) கொடி என்பது எழுத்து. எந்தப் பின்னணி, எந்தச் சின்னம், முதல் நிறம், இரண்டாம் நிறம், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் ஆட்டமே கட்டிக் கொடுத்துவிடும். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஒரு புலியை வரைந்துவிட்டால் நூறு குறுநிலத்துக்கு நூறு நிறத்தில் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு புலிதான் பெரிதிலும் சிறிதிலும். சின்னதற்காக யாரும் வாலைத் தூக்குவதில்லை, முன்னங்கால் இடைவெளியைக் காப்பாற்றுவதில்லை. பழைய முறை இருக்கும் ஆட்டங்களுக்கும் இப்போது ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிடுகிறார்கள். ஒரு கோப்புறையில் பெரிய கொடிகளைப் போட்டால் இன்னொரு கோப்புறையில் சின்னக் கொடிகள் விழும், எல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி. செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறவர்கள் தனிக் கூட்டம். மடிப்பு, பளபளப்பு, ஜரிகை எல்லாம் வரும். சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிப் பார்த்தால் இருபத்துநான்கைத் தவிர எந்த எண்ணும் வரும்.

துணி மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் அலைவது போல நிழல் போடுகிறவர்கள் கோயில் கொடியேற்றத்தை ஒருமுறை கவனிக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோயில் மாதிரி இடங்களில் கொடிப்பட்டத்தில் கருடனை எழுதி மரத்தின் உச்சிக்கு ஏற்றுகிறார்கள். கீழே கழுத்தை அண்ணாந்து நிற்கிறவருக்குத் தெரிவது விரிந்த இரண்டு சிறகு மட்டுமே. எழுதுகிறவருக்கும் அது தெரியும், சிறகுகளை அப்படி விரிக்கிறார். மடிப்பைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

வீரராஜேந்திரனிடம் திரும்ப வேண்டும். படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம். கல்கி வாசகர்களுக்குச் 'சிவகாமியின் சபதம்' வழியாகப் பழக்கமான ஊர். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் நடுவில், காளைக் கொடியும் பன்றிக் கொடியும் நேருக்கு நேர். நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து அதே ஊரின் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திரனின் கல்வெட்டு. அவன் மெய்க்கீர்த்தியில் சாளுக்கியனிடமிருந்து பிடித்த பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. குடை, சாமரம், முரசு, மகர தோரணம் இவற்றோடு பன்றிக் கொடியும். ஒரே ஊர், ஒரே பன்றிக் கொடி: ஒரு தோல்வி நடந்த களம், இன்னொரு தோல்வியை எழுதிய சுவர். இப்படி ஒரு சினாரியோ ஒரகடம் சாலையிலிருந்து அரைமணித் தூரத்தில் கிடக்கும்போது எல்லோரும் எதற்கு நார்மண்டிக்குக் கப்பல் விடுகிறார்கள்?

சிக்கல் ஒன்றுதான், எழுபது புள்ளியில் காளையும் பன்றியும். இரண்டும் நாலு கால், இரண்டும் கிடைமட்டம், இரண்டும் தடி. புலியை உட்கார வைத்த அச்சுவெட்டி இங்கே கைகொடுக்க மாட்டார்; பல்லவன் காசில் காளை நிற்கிறது, சாளுக்கியன் வராகமும் நிற்கிறது. நிறத்தை மாற்றி ஒப்பேற்றலாம், ஆனால் அது தோல்வியை ஒத்துக்கொள்வது. காளைக்குத் திமில் வேண்டும், இரண்டாம் வரிசையில் ஒரு புள்ளி. கொம்புக்கு ஒரு புள்ளி. தலை நிமிர்ந்து மூன்றாம் வரிசையில். பன்றிக்குத் திமில் இல்லாமல் முதுகு தோளிலிருந்தே சரிந்து இறங்கி, தலை ஐந்தாம் வரிசைக்குத் தாழ்ந்து, மூக்கு ஆறாவதில் தரையைத் தொட வேண்டும். அங்கேதான் முன்னங்கால் குறுக்கே நிற்கிறது. மூக்கை முன்னால் தள்ளினால் வாலுக்கு இடமில்லை. வாலை எடுத்துவிட்டால் யானை என்கிறார்கள். இப்போதைக்கு வால் போய்விட்டது, தந்தத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் யானை என்கிறார்களோ என்று சந்தேகம். அடுத்த வாரம் பொது ஷிப்ட். சாயங்காலம் உட்கார்ந்து தந்தத்தை வெளிர்மஞ்சள் ஆக்கிப் பார்க்க வேண்டும்.